ஊர்ல இருந்தபடியே ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்ட்ட காட்டுறது எப்படி: ரெண்டு தடவை சொதப்பினவன் எழுதுறது

அப்பாவுக்கு சுகர் பல வருஷமா இருக்கு. கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறிக்கிட்டே போகுது, ஒரு கிட்னி டாக்டர்ட்ட காட்டிருங்கன்னு உள்ளூர் டாக்டர் சொன்னார். கிட்னி டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போக மட்டும் ஆறு மணி நேரம், அப்பாவால ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல உக்கார முடியாது. சரி வீடியோ கால்ல காட்டிருவோம்னு இறங்கினேன், அதுல என்ன பெரிய விஷயம் இருக்கப் போகுதுன்னு ஒரு நினைப்பு.

முதல் தடவை பன்னெண்டு நிமிஷத்துல "இதை மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல முடியாதுங்க"ன்னு முடிச்சிட்டார். ரெண்டாவது தடவை அவர் எழுதின டெஸ்ட்டை எங்க எடுக்கிறதுன்னே தெரியாம ஒரு மாசம் போச்சு. மூணாவது தடவைதான் உருப்படியா நடந்தது. மூணு தடவையும் அதே டாக்டர்தான், அதே ஃபோன்தான். தயாரிப்புதான் வேற. அந்த டாக்டரால அப்பாவைத் தொட்டுப் பாக்க முடியாது, அதனால அவரோட கையா யாராவது இந்தப் பக்கம் இருக்கணும், இது புரியறதுக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு. நீங்க அந்த மூணு மாசத்தைச் செலவழிக்க வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

1. முதல்ல இது வீடியோவுக்கு ஒத்து வர்ற விஷயமான்னு பாருங்க

சுகர், தைராய்டு, பிரஷர், கிட்னி, வலிப்பு, மனநலம், தோல், ஏற்கனவே நேர்ல பாத்த டாக்டர்ட்ட மறுபடி காட்டுறது, ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டாவது கருத்து கேக்குறது, இதெல்லாம் பெரும்பாலும் நல்லா நடக்கும். காரணம் இதுல டாக்டர் முடிவு எடுக்கிறது பேச்சையும் ரிப்போர்ட்டையும் வச்சுத்தான்.

திடீர்னு வந்த வயித்து வலி, புதுசா தட்டுப்படுற கட்டி, பல் வலி, காதுக்குள்ள பிரச்சினை, இதெல்லாம் கைவச்சோ கருவி வச்சோ பாக்க வேண்டியது. வீடியோல காட்டினா "நேர்ல வாங்க"ன்னு சொல்றதுக்கு ஒரு ஃபீஸ் கட்டினதா ஆகும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை தூக்க முடியாம விழறது, பேச்சு குழறுறது, இதுக்கெல்லாம் ஆப்பைத் திறந்து ஸ்லாட் தேடக் கூடாது. பக்கவாதத்துல மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசியை அறிகுறி ஆரம்பிச்சு 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பாத்த பிறகுதான் போட முடியும். அப்படிப்பட்ட நேரத்துல தூரத்து நரம்பியல் டாக்டர் வீடியோல வர்றது உண்டு, ஆனா அவர் வர்றது சின்ன ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சிக்கு, உங்க வீட்டு ஃபோனுக்கு இல்ல. ஸ்கேன் வசதி இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க.

2. உள்ளூர் டாக்டரைத் தாண்டிக் குதிக்காதீங்க

நான் பண்ண முதல் தப்பு இதுதான். உள்ளூர் டாக்டர்ட்ட சொன்னா சங்கடப்படுவாரோன்னு சொல்லாம நானே ஆப்ல புக் பண்ணேன். ஆனா வீடியோ கால் மட்டுமே வழின்னு கிடையாது, இதுல நாலஞ்சு விதம் இருக்கு. நீங்க நேரா ஸ்பெஷலிஸ்ட்டோட பேசுறது ஒண்ணு. உள்ளூர் கிளினிக்ல உக்காந்து நர்ஸ் பக்கத்துல இருக்க பேசுறது இன்னொண்ணு. ஃபோட்டோ, ஈசிஜி, கண் விழித்திரைப் படம் இதுகளை எடுத்து அனுப்பி, டாக்டர் அவருக்கு நேரம் கிடைக்கிறப்ப பாத்து பதில் எழுதுறது மூணாவது, இதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல லைன்ல இருக்க வேண்டியதே இல்ல, நெட்வொர்க் மோசமான இடத்துக்கு இதுதான் வரம். நாலாவது, உங்க டாக்டர் அந்த டாக்டரைக் கேக்குறது, நீங்க நடுவுலயே வர வேண்டாம். வீட்டுல எடுக்கிற பிரஷர், சுகர் அளவு தானா டாக்டர் பக்கம் போற மாதிரி ஏற்பாடும் சில இடத்துல இருக்கு.

நாலாவது வழியை யாரும் மதிக்கிறதில்ல, எனக்கு அதுதான் இருக்கிறதுலயே கெட்டிக்காரத்தனமான வழின்னு தோணுது. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் டாக்டர் 2003ல ப்ராஜெக்ட் எக்கோன்னு ஒண்ணு ஆரம்பிச்சார், கிராமத்து டாக்டர்கள் வீடியோல கூடி ஹெபடைட்டிஸ் சிங்கிற கல்லீரல் வைரஸ் நோய் வந்தவங்களைப் பத்தி ஸ்பெஷலிஸ்ட்டோட பேசுவாங்க, வைத்தியம் அவங்களே பாப்பாங்க. 2011ல ஆய்வு வந்தப்ப குணமானவங்க கிராமத்துப் பக்கம் 58.2 சதவீதம், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 57.5 சதவீதம். அதாவது ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க டாக்டர் "வீடியோவுல என்னத்த பாக்குறது"ன்னு சொன்னா இதை மரியாதையா எடுத்துச் சொல்லிப் பாருங்க.

உள்ளூர் டாக்டர்ட்ட போய் வாங்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஒரு பக்க ரெஃபரல் கடிதம்: என்ன பிரச்சினை, எவ்வளவு நாளா, என்ன மருந்து கொடுத்தாச்சு, ஸ்பெஷலிஸ்ட்ட எந்தக் கேள்விக்கு பதில் வேணும். இந்தக் கடைசி வரியை எழுதச் சொல்லி வற்புறுத்துங்க. சும்மா "மேற்கொண்டு பாக்கவும்"னு எழுதினா அது கடிதமே இல்ல. ரெண்டாவது, அன்னிக்கு அந்த நேரத்துல கிளினிக்ல ஒரு ரூமும் ஒரு நர்ஸும் கிடைப்பாங்களான்னு கேட்டு வச்சுக்கங்க.

3. புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, கட்டினதுக்கு அப்புறம் யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

டாக்டரோட பதிவு எண் என்ன, நோயாளி இருக்கிற இடத்துல வைத்தியம் பாக்க அவருக்கு உரிமை இருக்கா? நிறைய நாடுகள்ல டாக்டர் எங்க உக்காந்திருக்கார்ங்கிறது கணக்கு இல்ல, நோயாளி எங்க இருக்கார்ங்கிறதுதான் கணக்கு. வெளிநாட்டுல இருக்கிற பெரிய டாக்டர் பேசலாம், ஆனா அவர் எழுதுற சீட்டு உங்க மருந்துக் கடையில செல்லாமப் போகலாம்.

ஃபீஸ் டாக்டருக்கு மட்டுமா, ஆப்புக்குத் தனியாவா? ரிப்போர்ட் வந்த பிறகு அதைக் காட்ட மறுபடி கட்டணுமா, இல்ல இத்தனை நாளுக்குள்ள காட்டினா இலவசமா? கால் நடுவுல அறுந்தா என்ன? இன்சூரன்ஸ் இருந்தா வீடியோ கன்சல்டேஷனை ஏத்துக்குமா, அதுக்கு எந்த மாதிரி பில் வேணும்? என் கேஸ்ல ரிப்போர்ட் காட்ட கொடுத்த அவகாசம் ஏழு நாள், ஆனா டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கே பத்து நாள் ஆச்சு. திரும்ப முழு ஃபீஸ். டெஸ்ட் எவ்வளவு நாள் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவகாசத்தைக் கூட்டிக் கேட்டிருப்பேன்.

செலவைக் கணக்குப் போடும்போது ஃபீஸை மட்டும் பாக்காதீங்க. போகவர வண்டி, தங்குற செலவு, கூட வர்றவரோட ஒரு நாள் சம்பளம், இதெல்லாம் மிச்சமாகுது. ஆனா டெஸ்ட் செலவு மிச்சமாகாது, சில சமயம் கூடும், ஏன்னா தொட்டுப் பாக்க முடியாத டாக்டர் டெஸ்ட்டை வச்சுத்தான் பாக்க முடியும்.

4. ஃபைல் தயார் பண்றது (இங்கதான் எல்லாம் இருக்கு)

கன்சல்டேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிங்க. முந்தின நாள் ராத்திரி ஆரம்பிச்சவன் கதை எப்படி ஆகும்னு நான் மேலயே சொல்லிட்டேன்.

பழைய ரிப்போர்ட் எல்லாம் வேணும். முதல் தடவை நான் கடைசியா எடுத்த ஒரே ஒரு ரத்த ரிப்போர்ட்டை அனுப்பினேன், புதுசுதானே முக்கியம்னு நினைச்சு. கிட்னி பாதிப்பு மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாதான் அதை நாள்பட்டதுன்னு சொல்லுவாங்க, அப்ப ஒரே ஒரு நாள் ரிப்போர்ட்டை வச்சு இது பழசா, திடீர்னு வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. அவர் முடியாதுன்னு சொன்னதுக்குக் காரணம் அதுதான், அன்னிக்கு எனக்கு அவர் மேல கோவம்தான் வந்தது. வீட்டு அலமாரி, பழைய பை, முன்னாடி எடுத்த லேப் எல்லாத்துலயும் தேடி மூணு வருஷத்து கிரியேட்டினினை ஒரே தாள்ல தேதி போட்டு வரிசையா எழுதினேன், அடுத்த தடவை டாக்டர் முதல்ல பாத்தது அந்தத் தாளைத்தான்.

எழுதும்போது அலகைப் பாருங்க. ஒரு லேப் கிரியேட்டினினை மில்லிகிராம்ல கொடுக்கும், இன்னொண்ணு மைக்ரோமோல்ல கொடுக்கும், 1 மில்லிகிராம்னு இருக்கிறது அங்க 88ன்னு வரும். சுகரும் அப்படித்தான், மில்லிமோல் அளவை 18ஆல பெருக்கினாதான் மில்லிகிராம். அலகு போடாம வெறும் எண்ணை எழுதி வச்சா பாக்குறவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

மருந்து லிஸ்ட். பேர் எழுதுறதை விட அட்டையையே ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, அளவு தெரியணும். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், ஊசி, நாட்டு மருந்து, சத்து மாத்திரை, கடையில நீங்களா வாங்கிப் போடுறது எல்லாம் சேரணும். "டாக்டர் கொடுத்த மருந்து" லிஸ்ட் மட்டும் கொடுத்தது என் இன்னொரு தப்பு, அதோட பலனைப் பின்னாடி சொல்றேன். எந்த மருந்துக்கு அலர்ஜின்னும் மேலயே எழுதிருங்க.

ஸ்கேன் இருந்தா ஃபிலிமை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஃபோட்டோ எடுக்காதீங்க. சி.டி. ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்த இடத்துலயே படத்தை டிஸ்க்லயோ லிங்க்காவோ கேளுங்க, அதுக்குள்ள டைகாம் ஃபைல் (ஸ்கேன் படத்தோட அசல் வடிவம்) இருக்கும், டாக்டர் அதை ஓட்டி ஓட்டிப் பாக்க முடியும். சைஸ் நூத்துக்கணக்கான எம்பி வரும், அதனால கன்சல்டேஷன் அன்னிக்கு அப்லோட் பண்ண உக்காராதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சிருங்க. கூடவே எழுத்துல இருக்கிற ரிப்போர்ட்டும் வேணும்.

ஈசிஜி தாளை மேசையில தட்டையா விரிச்சு, நேர் மேல இருந்து, நிழல் விழாம எடுங்க. ஓரத்துல இருக்கிற சின்ன எழுத்தை வெட்டிடக் கூடாது, தாள் ஓடின வேகம் அங்கதான் இருக்கும்.

தோல் பிரச்சினைன்னா பகல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் இல்லாம, உடம்புல எங்க இருக்குன்னு தெரியற மாதிரி தள்ளி ஒண்ணு, கிட்ட ஒண்ணு, பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒண்ணு. ஃபோன்ல பியூட்டி மோட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அனுப்பின படத்துல தடிப்பையே ஃபோன் அழிச்சு மழமழன்னு ஆக்கி வச்சிருந்தது! வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பினா நசுக்கிரும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்ல தேதி வாரியா சேருங்க. முதல் பக்கம் ரெஃபரல் கடிதம், அடுத்து மருந்து லிஸ்ட், அப்புறம் ரிப்போர்ட். நாப்பது தனித்தனி ஃபோட்டோ அனுப்பினா யாரும் திறந்து பாக்க மாட்டாங்க, நானா இருந்தாலும் பாக்க மாட்டேன். அடையாள அட்டை, இன்சூரன்ஸ் அட்டை இதுகளைத் தனியா வச்சுக்கங்க. அட்டையில இருக்கிற பேரும் ஆப்ல போட்ட பேரும் எழுத்து மாறாம இருக்கணும், இல்லைன்னா மருந்துச் சீட்டுல வர்ற பேர் ஒண்ணு, இன்சூரன்ஸ்ல இருக்கிற பேர் ஒண்ணுன்னு அலையணும்.

5. ஒரு வாரம் வீட்டுல அளந்து எழுதுங்க

பிரஷர் மெஷின் கைப்பட்டை மாடலா இருக்கட்டும், பட்டை சின்னதா இருந்தா அளவு கூடுதலாக் காட்டும். அளக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி, டீ, புகை, வேகமான நடை கூடாது. பாத்ரூம் போய்ட்டு வந்து, முதுகு சாஞ்சு, பாதம் தரையில வச்சு, கால் மேல கால் போடாம, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்து, கை நெஞ்சு உயரத்துல இருக்க அளக்கணும். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிஷம். ஏழு நாள் எழுதுங்க. எண் நல்லா வரலைன்னு மறுபடி மறுபடி அளந்து நல்லா வந்ததை மட்டும் எழுதுற வேலை வேண்டாம், எங்க அப்பா அதைத்தான் பண்ணிட்டிருந்தார்.

சுகர் இருந்தா வெறும் வயித்துல எடுத்ததா, சாப்பிட்டு எத்தனை மணி நேரம்னு பக்கத்துல எழுதணும். எடை அதே தராசுல, காலையில. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கிறவங்க கவனிக்க: நகப்பாலிஷ், குளிர்ந்த விரல் இருந்தா தப்பாக் காட்டும், கருத்த தோல்ல உண்மையை விட கூடுதலாக் காட்டக்கூடும். எண் நல்லாருக்கேன்னு மூச்சு வாங்குறதைக் கண்டுக்காம விட்டுறாதீங்க.

6. ஃபோனும் இடமும்

டவுன்லோட் வேகத்தைப் பாக்காதீங்க, உங்க முகம் அவருக்குத் தெரியறது அப்லோட்லதான். நிலையா வினாடிக்கு 1 மெகாபிட் (1 Mbps) வந்தா பொதுவா போதும். கன்சல்டேஷன் எந்த மணிக்கோ அதே மணிக்கு முந்தின நாள் யாரையாவது வீடியோல கூப்பிட்டுப் பாருங்க, ஏன்னா காலையில ஓடுற நெட் சாயங்காலம் படுத்துக்கும். அறுந்தா எந்த நம்பருக்கு சாதா கால் வரும்னு முன்னாடியே பேசிக்கங்க. படம் விக்குனா வீடியோவை ஆஃப் பண்ணிட்டு குரலை மட்டும் விடுங்க, பேச்சு தெளிவா கேட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஜன்னலுக்கு முதுகு காட்டாம முகம் காட்டி உக்காரணும். காது மந்தமானவங்களுக்கு ஹெட்ஃபோன். டாக்டரோட பாஷை புரியாதுன்னா மொழிபெயர்க்க யாராவது வேணும், ஆனா குழந்தைங்களை வச்சு அதைச் செய்யாதீங்க, நோயாளிக்குச் சொல்லக் கூச்சமா இருக்கிற விஷயம் வராமலே போயிரும்.

ஆப்ல இருந்து கூப்பிடுறோம்னு ஓடிபி கேட்டு ஒரு கால் வந்தா வச்சிருங்க. டாக்டருக்கு ஓடிபி வேண்டியதில்ல.

7. அந்தப் பத்து பதினஞ்சு நிமிஷம்

நோயாளி இருக்கணும். சிரிக்காதீங்க, அப்பா தூங்குறார் நானே பேசிக்கிறேன்னு நான் முதல் தடவை உக்காந்தேன்.

முதல் ரெண்டு நிமிஷத்துல மூணு வாக்கியம்: என்ன பிரச்சினை, எப்ப இருந்து, எதுக்கு பதில் வேணும். கேள்விகளைத் தாள்ல எழுதி வச்சுக்கங்க, மூணுக்கு மேல வேண்டாம், முக்கியமானது முதல்ல. அறையில யார் யார் இருக்காங்கன்னு சொல்லிருங்க. ரெக்கார்ட் பண்ணணும்னா கேட்டுட்டுப் பண்ணுங்க.

மூணாவது தடவை நாங்க கிளினிக்ல உக்காந்தோம், நர்ஸ் அக்கா கூட இருந்தாங்க. டாக்டர் சொல்லச் சொல்ல அவங்க அப்பாவோட முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை விரலை அழுத்தி எடுத்து, குழி விழுந்து நிக்கிறதை (நீர் கோத்த வீக்கத்தோட அடையாளம்) கேமராவுல காட்டினாங்க. படுக்க வச்சு ஒரு பிரஷர், நிக்க வச்சு ஒரு பிரஷர். அப்புறம் டாக்டர் "மருந்துப் பையை அப்படியே கவுத்துக் காட்டுங்க"ன்னார். அதுல இருந்து முட்டி வலிக்கு அப்பா கடையில வாங்கி தினமும் போட்டுக்கிட்டிருந்த டைக்ளோஃபினாக் அட்டை ஒண்ணு விழுந்தது. எனக்கே தெரியாது. அந்த மாதிரி வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் கூடச் சேர்ந்தா இன்னும் ஆகாதுன்னு சொல்லி முதல் வேலையா அதை நிறுத்தினார். முதல் தடவையே மருந்துப் பையைக் கவுத்துப் பாத்து லிஸ்ட் எழுதியிருந்தா, அந்த மாத்திரை அப்பவே நின்னிருக்கும்.

முடியறதுக்கு முன்னாடி நீங்க புரிஞ்சுக்கிட்டதைத் திருப்பிச் சொல்லுங்க: எதை நிறுத்தணும், எதை ஆரம்பிக்கணும், என்ன நடந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவர் டெஸ்ட் எழுதினா உடனே "இது எங்க பக்கத்துல எடுக்க முடியாதுன்னா வேற என்ன செய்யலாம்"னு கேளுங்க. ரெண்டாவது தடவை இதைக் கேக்காம விட்டதுலதான் ஒரு மாசம் போச்சு, பின்னாடி கேட்டா மாதிரியை மட்டும் உள்ளூர்ல எடுத்து வெளி லேபுக்கு அனுப்பலாமாம், அவ்வளவுதான் விஷயம்.

8. கால் முடிஞ்ச பிறகு

மருந்துச் சீட்டு வந்ததும் அங்கேயே பாருங்க: நோயாளி பேர், வயசு, தேதி, மருந்துப் பேர், அளவு, எத்தனை நாள், டாக்டர் கையெழுத்து, பதிவு எண். ஒண்ணு குறைஞ்சாலும் கடையில திருப்பி அனுப்பலாம். தூக்க மாத்திரை, பலமான வலி மருந்து மாதிரி கட்டுப்பாட்டுல இருக்கிறதை வீடியோ மூலமா எழுத நிறைய இடத்துல தடை இருக்கு, அதை எதிர்பார்த்து உக்காராதீங்க. பிராண்ட் கிடைக்கலைன்னா அதே மூலப்பெயர் (உள்ள இருக்கிற மருந்தோட பேர்) உள்ள வேற பிராண்டை வாங்கலாமான்னு டாக்டர்ட்ட மெசேஜ்ல கேட்டுக்கங்க, கடைக்காரர் சொல்றதை மட்டும் நம்பி மாத்தாதீங்க.

சீட்டோட ஒரு காப்பியை அன்னிக்கே உள்ளூர் டாக்டர்ட்ட கொடுங்க. மருந்து மாத்தினப்புறம் ரத்தம் எடுக்கிறது, ஏதாவது ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு கதவைத் தட்டுறது எல்லாம் அவர்ட்டதான். பழைய மாத்திரையும் புது மாத்திரையும் ரெண்டையும் போடுற கூத்து நிறைய வீட்டுல நடக்குது, நிறுத்தச் சொன்ன அட்டையைப் பையில இருந்து எடுத்திருங்க.

அடுத்த தேதியை அப்பவே புக் பண்ணுங்க, டெஸ்ட் தேதியை அதுக்கு பத்து நாள் முன்னாடி வச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல வரணுமான்னு டாக்டர்ட்டயே கேட்டுருங்க. எங்களை ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கார், ஸ்கேன், கண், ரத்தம் எல்லாத்தையும் அந்த ஒரே பயணத்துல முடிச்சுக்கிற மாதிரி அவங்க ஆஸ்பத்திரியிலயே வரிசையா டைம் வாங்கியாச்சு. அப்பா இப்பவே கேக்குறார், வண்டியில முன் சீட்டு கிடைக்குமான்னு.